சாவிக்குப் போர்ச்சுகீசியத்தில் எத்தனை சொல்?

பூட்டைத் திறப்பதும் 'கீ'. கணினியில் விரலால் தட்டுவதும் 'கீ'. ஆர்மோனியத்தில் அழுத்துவதும், பாடகர் பாட எடுத்துக்கொள்ளும் சுருதியும் 'கீ'. தேர்வு முடிந்தபின் வெளியாகும் விடைத்தொகுப்பும், நிலவரைபடத்தின் ஓரத்தில் கட்டம் போட்டுக் காட்டியிருக்கும் குறிப்பும் 'கீ'. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள இந்தச் சொல்லைப் போர்ச்சுகீசிய மொழியில் பெயர்க்க ஒரு சொல் போதாது. இடத்துக்கு ஒன்றாக ஏழெட்டுச் சொற்கள் வேண்டும். அந்த ஏழெட்டில் முதலாவது, தமிழருக்கு நன்கு பழகிய சொல். பூட்டைத் திறக்கும் கருவியைப் போர்ச்சுகல்லில் 'ஷாவ்' என்கிறார்கள், பிரேசிலில் 'ஷாவி' என்கிறார்கள். தமிழின் சாவி அங்கிருந்து வந்ததுதான்.

லத்தீனில் திறவுகோலுக்கு 'க்ளாவிஸ்' என்று பெயர். லத்தீன் மெல்ல மாறிப் போர்ச்சுகீசியமான காலத்தில், சொல்லின் தொடக்கத்தில் இருந்த 'க்ல', 'ப்ல', 'ஃப்ல' ஒலிகள் பலவும் 'ச' ஒலியாகத் திரிந்தன. மழையைக் குறித்த 'ப்ளூவியா' 'சூவா' ஆயிற்று. தீச்சுடரைக் குறித்த 'ஃப்ளாம்மா' 'சாமா' ஆயிற்று. 'க்ளாவிஸ்' 'சாவெ' ஆயிற்று. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய 1498-இலும், முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியர் கால் ஊன்றிய 1530களிலும் அவர்கள் அந்த முதலெழுத்தை வல்லோசையோடு, தமிழில் 'அச்சு' என்னும்போது வரும் ச்ச போல ஒலித்தார்கள். லிஸ்பன் மக்களின் நாக்கில் அது 'ஷ' என்று மென்மையானது பிற்பாடு. இந்தியில் 'சாபி', மராத்தியில் 'சாவி' என்று இன்றும் வல்லோசை கேட்கிறது. போர்ச்சுகீசியத்தின் நானூறு, ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய உச்சரிப்பை இந்திய மொழிகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

இது வெறும் கடன்சொல் கதையாக நின்றுவிடவில்லை. மொழிபெயர்ப்பில் அடிக்கடி தவறவிடப்படும் ஓர் உண்மையையும் இந்தச் சொல் காட்டித் தருகிறது. தமிழ் 'ஷாவி'யை வாங்கியபோது இரும்பாலான அந்தக் கருவியை மட்டுமே வாங்கியது. அச்சொல்லுக்குப் போர்ச்சுகீசியத்தில் உள்ள மற்றப் பொருள்கள் கரையேறவில்லை. ஆங்கிலத்தின் 'கீ' தன் எல்லாப் பொருள்களோடும் பிற்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தபோது, அவற்றுக்குத் தமிழ் வேறு வேறு சொற்களைத் தேடிக்கொண்டது. எனவே ஆங்கிலம், போர்ச்சுகீசியம், தமிழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே பொருட்பரப்பை மூன்று மொழிகளும் வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்ட விதம் தெளிவாகிறது. ஒன்றின் வரப்பு மற்றதன் வரப்போடு சேரவே இல்லை.

முதலில் பூட்டும் சாவியும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய சாவிகள் விற்பனைக்குக் கிடக்கும். உள்ளங்கையைத் தாண்டி நீளும் இரும்புத் தண்டு. ஒரு முனையில் கயிறோ வளையமோ கோக்க வட்டமான பிடி. மறுமுனையில் வெட்டு வெட்டாகப் பல். சாவிக்குப் 'பல்' என்றே தமிழில் வழக்கு. போர்ச்சுகீசியத்திலும் 'சாவியின் பற்கள்' என்பதே வழக்கு. நகரத்தார் வீட்டில் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். மணமான ஒவ்வொரு மகனுக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், அவற்றில் இடம் உண்டு. அறைக்கு அறை தனிப் பூட்டு. கூட்டாக வாழ்ந்தாலும் கணக்கும் புழக்கமும் புள்ளிக்குப் புள்ளி தனி என்பதால், ஆச்சிமார் இடுப்பில் கொத்துச்சாவி அந்த வாழ்க்கை முறையின் அடையாளமாகவே தொங்கியது.

அந்த வீட்டுக்குள் புழங்கும் சொற்களைச் சற்று நின்று கவனிப்பது நல்லது. முகப்பு, வளவு, பட்டாலை, திண்ணை, இரண்டாங்கட்டு, தூண், நிலை என்று கட்டடத்தின் பகுதிகளுக்கெல்லாம் உள்ளூர்ப் பெயர். சன்னல், சாவி, அலமாரி, மேஜை என்று பொருத்துகிற, வாங்கி வைக்கிற பொருள்களுக்குப் போர்ச்சுகீசியப் பெயர்: 'ஜனேலா', 'ஷாவி', 'அர்மாரியு', 'மேசா'. சாளரம், பலகணி, திறவுகோல் என்ற தமிழ்ச் சொற்கள் இல்லாமல் இல்லை. புது வடிவில் பொருள் வந்தபோது அதன் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் இதை எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாக்க முடியாது. போர்ச்சுகீசியர் நெடுங்காலம் ஆண்ட இலங்கையில், தமிழர் பேச்சில் கதிரை, குசினி, பாண், சப்பாத்து, அலவாங்கு என்று அவர்கள் விட்டுப்போன சொற்கள் நிறைந்திருக்கின்றன. சாவிக்கு மட்டும் அங்கே 'திறப்பு' என்பதே வழக்கு. மலையாளத்தில் 'தாக்கோல்' நிலைத்துவிட்டது. மலாய் மொழி சன்னலையும் அலமாரியையும் மேஜையையும் போர்ச்சுகீசியத்திலிருந்து வாங்கிக்கொண்டு, சாவிக்குச் சமஸ்கிருதக் குஞ்சிகையை 'குஞ்சி' என்று வைத்துக்கொண்டது. மலாயாவில் கிட்டங்கி நடத்திய செட்டிநாட்டுக்காரர் ஊரில் 'சாவி' என்றும் கடையில் 'குஞ்சி' என்றும் கேட்ட பொருள் ஒன்றே.

போர்ச்சுகீசியத்தில் 'ஷாவி' பூட்டோடு நிற்பதில்லை. திருகித் திறப்பது, திருகி முடுக்குவது அத்தனையும் அதற்குள் அடங்கும். திருப்புளிக்குப் பெயர் 'ஷாவி தெ ஃபெண்டா'; நேர்ப்பொருள், பிளவுச் சாவி. வாயைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பேனர் 'ஷாவி இங்க்லேசா', அதாவது ஆங்கிலச் சாவி. ஆறுபட்டைத் தலைக்குள் நுழைத்துத் திருகுவதை நம்மூர் மெக்கானிக்குகள் 'அலன் கீ' என்பார்கள். ஆங்கிலத்தில் 'கீ' என்று அழைக்கப்படும் கைக்கருவி இப்படிச் சிலவே. போர்ச்சுகீசியம் தெரிந்த மெக்கானிக்கிடம் 'ஷாவி' என்று மட்டும் கேட்டால், எந்தச் சாவி என்று அவர் திருப்பிக் கேட்பார். ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவருக்கு இங்கே சிக்கல் இல்லை. போர்ச்சுகீசியத்திலிருந்து ஆங்கிலத்துக்கோ தமிழுக்கோ வருபவர்தான் கவனமாக இருக்க வேண்டும். பிரேசில் மத்திய வங்கி 2020 நவம்பரில் தொடங்கிய 'பிக்ஸ்' பணப்பரிமாற்றத்தில், பணம் பெறுபவரின் கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ 'ஷாவி பிக்ஸ்' என்கிறார்கள். யுபிஐ ஐடி என்று பழகிய தமிழருக்கு அதைச் சாவி என்று பெயர்த்தால் ஒன்றும் விளங்காது.

கணினி விசைக்கு வந்தால் 'ஷாவி' உதவாது. அதற்கு 'தெக்லா' என்று தனிச்சொல், விசைப்பலகைக்கு 'தெக்லாது'. பியானோ, ஆர்மோனியம் முதலியவற்றில் விரல் படும் துண்டும் 'தெக்லா'தான். தமிழும் இங்கே பூட்டிலிருந்து பிரிந்து நிற்கிறது. கணினிக்கு 'விசை' என்பது அழுத்தினால் ஒன்றை இயக்குவது என்ற கருத்தில் எழுந்த நல்ல சொல். ஆங்கிலம் 'கீ' என்று ஒன்றாகப் பார்த்ததைப் போர்ச்சுகீசியமும் தமிழும் ஒரே இடத்தில் வெட்டியிருப்பது அபூர்வமான ஒற்றுமை.

இசையில் அந்த ஒற்றுமை கலைகிறது. இச்சொல்லின் செழிப்பான பகுதியும் இசைதான். ஆங்கிலத்தில் பியானோவில் அழுத்துவதும் 'கீ', பாட்டு எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டு அமைகிறதோ அதுவும் 'கீ'. போர்ச்சுகீசியத்தில் முன்னது 'தெக்லா', பின்னது 'தோங்'. இசைத்தாளில் வரியின் தொடக்கத்தில் போடும் சுருள் வடிவக் குறிக்கு 'க்ளாவ்' என்று பெயர். இது லத்தீன் 'க்ளாவிஸ்' நேரடியாகப் படிப்பாளிகள் வழி வந்த வடிவம். ஒரே தாய்ச்சொல் மக்கள் வாயில் புரண்டு 'ஷாவி' ஆகவும், ஏட்டின் வழியே வந்து 'க்ளாவ்' ஆகவும் இரண்டாகி நிற்கிறது.

தமிழ் மேடைக்காரர்களோ ஆங்கிலம் இணைத்த அதே இரண்டு பொருளையும் தாமாகவே இணைத்திருக்கிறார்கள். ஆர்மோனியத்தில் விரல் படும் துண்டுக்குக் 'கட்டை' என்று பெயர். பாடகரின் சுருதியும் 'கட்டை'தான். வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடையே வரும் கறுப்புக் கட்டைகளை அரை என்று கணக்கிட்டு, ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, நாலரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்று சொல்வது நாடக மேடையிலும் கச்சேரி மேடையிலும் ஊறிய வழக்கம். மூன்றிலிருந்து நான்குக்குப் போகையில் மூன்றரை கிடையாது. ஆர்மோனியத்தில் அந்த இடத்தில் கறுப்புக் கட்டை இல்லை. மரத்தின் அமைப்பே எண்ணிக்கையை வகுத்திருக்கிறது. 'நாலரைக் கட்டையில் பாடினார்' என்பதைப் போர்ச்சுகீசியத்தில் பெயர்ப்பவர் கட்டையை 'தெக்லா' என்று போட்டால் வாசகர் திகைப்பார். 'தோங்' என்று போட்டு, சுரத்தின் பெயரையும் அவர்கள் முறையில் மாற்றித் தர வேண்டும்.

வீணைக்குப் பேர் பெற்ற ஊர் காரைக்குடி. சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் காரைக்குடி சகோதரர்கள் என்ற பெயரில் ஒரு வாசிப்பு வழியையே நிலைநாட்டினார்கள். வீணையின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளைக்குப் 'பிரடை' என்று பெயர். அதைப் போர்ச்சுகீசியத்தில் 'க்ரவேல்யா' என்பார்கள். அச்சொல்லைத் தோண்டிப் பார்த்தால் அடியில் லத்தீன் 'க்ளாவிக்குலா', அதாவது 'குட்டிச் சாவி'. அதே லத்தீன் சொல் கழுத்தடி எலும்புக்கும் பெயராகிப் போர்ச்சுகீசியத்தில் இன்றும் 'க்ளவீக்குலா' என்றே வழங்குகிறது. தமிழர் அந்த எலும்பைக் கழுத்தணியோடு சேர்த்துப் பார்த்துக் 'காறை எலும்பு' என்றார்கள். உடம்பில் ஒரே இடம். ஒரு மொழிக்குச் சாவியாகத் தெரிந்தது, இன்னொரு மொழிக்கு நகையாகத் தெரிந்திருக்கிறது.

சுருதி விலகிப் பாடுவதை ஆங்கிலத்தில் 'ஆஃப் கீ' என்பார்கள். போர்ச்சுகீசியத்தில் 'தெசஃபினாது'. அந்தோனியோ கார்லோஸ் ஜோபிம் இசையமைத்து 1950களின் இறுதியில் பிரேசிலில் புகழ்பெற்ற பாட்டு ஒன்றுக்கு இதுவே பெயர். ஆங்கிலத்துக்குப் போனபோது அது 'ஆஃப் கீ' என்றும் வழங்கியது. ஒரு பெயரில் சாவியின் நிழல்கூட இல்லை, மற்றதில் அது நடுநாயகமாக இருக்கிறது. இரண்டும் சரியான பெயர்ப்பு. 'லோ கீ' என்ற ஆங்கில வழக்குக்குப் போர்ச்சுகீசியத்தில் 'திஸ்கிரேத்து', அடக்கமான என்று சொன்னால் போதும். தமிழிலோ இதற்கு இசையிலிருந்தே வந்த தொடர் உண்டு: அடக்கி வாசித்தல். ஆங்கிலத் தொடர் எந்தத் துறையிலிருந்து பிறந்ததோ அதே துறையிலிருந்து தமிழும் எடுத்திருக்கிறது. அகராதியில் 'கீ' என்ற சொல்லின் கீழே தேடினால் இது கிடைக்காது. தமிழ்ப் பேச்சோடு வாழ்ந்தவருக்கு உடனே வாயில் வரும்.

பழைய சுவர்க்கடிகாரத்துக்குச் 'சாவி கொடுப்பது' தமிழ் வழக்கு. ஒருவரைத் தூண்டிவிடுவதும் அதுதான். 'அவனுக்குச் சாவி கொடுத்து விட்டது யார்?' என்று கேட்பார்கள். போர்ச்சுகீசியத்தில் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதில்லை, 'தார் கோர்தா', அதாவது கயிறு கொடுக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், ஒருவரைப் பேசத் தூண்டி ஏற்றிவிடுவதற்கும் அவர்கள் அதே 'கயிறு கொடுத்தல்' என்பதையே சொல்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டும் ஒட்டாது. வழக்குக்கு வழக்கு பெயர்த்தால் மயிரிழையும் விலகாமல் பொருந்துகிறது.

மற்றப் பொருள்களை விரைவாகவே கடந்துவிடலாம். நிலவரைபடத்தின் குறிப்புக் கட்டம் 'லெஜெண்டா'. திரைப்படத்தின் அடியில் ஓடும் எழுத்துக்கும், படத்துக்குக் கீழே போடும் வரிக்கும் அதே சொல்தான். தேர்வு விடைத்தொகுப்பைப் பிரேசிலில் 'கபரித்து' என்கிறார்கள். அளவு சரிபார்க்கும் அச்சு என்பது அதன் அடிப்பொருள். அரசுப் பணித் தேர்வு எழுதும் தமிழ் இளைஞர் 'உத்தேச விடை' என்றும் 'ஆன்சர் கீ' என்றும் தேடுவது அதைத்தான். 'முக்கியமான' என்ற பொருளில் ஆங்கிலம் 'கீ'யைப் பெயருக்கு முன்னால் வைக்கும். போர்ச்சுகீசியம் சில இடங்களில் 'ஷாவி'யைப் பெயருக்குப் பின்னால் ஒட்டும்: திறவுச்சொல் 'பலாவ்ரா-ஷாவி', சொல்-சாவி. பல இடங்களில் அதுவும் பொருந்தாமல் 'ஃபுண்டமெந்தால்' என்று அடிப்படையைக் குறிக்கும் சொல்லுக்குப் போய்விடும். தமிழில் 'முக்கிய' என்பதே போதும். 'திறவுகோல் பங்கு வகித்தார்' என்று யாராவது எழுதினால், அது தமிழ் எழுத்தில் அச்சான ஆங்கிலம்.

இத்தகைய சிக்கல்களைத் தமிழும் போர்ச்சுகீசியமும் நேருக்கு நேர் சந்தித்தது நேற்று இன்றல்ல. 1554-இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா' என்ற சிறு சமயநூலில், தமிழ் வாக்கியங்கள் ரோமன் எழுத்தில் தரப்பட்டு, சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீசியப் பொருளும் தரப்பட்டது. ஓட்டமான பெயர்ப்பும் தனியாக இருந்தது. தமிழில் வினை கடைசியில் வரும், போர்ச்சுகீசியத்தில் அப்படி அல்ல. ஒரே வரியால் இரண்டு மொழியையும் காட்ட முடியாது என்பதை அதை அமைத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அந்த இரட்டை அமைப்பே சான்று. அண்ட்ரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த அன்ரிக் அன்ரீக்கஸ் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். அவர் எழுதிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பனில் இருக்கிறது, தமிழறிஞர் வி. எஸ். ராஜம் பங்கேற்ற ஆங்கிலப் பெயர்ப்பு 2013-இல் வெளிவந்தது.

மதுரை மறைப்பணியைச் சேர்ந்த அந்தாவ் தெ புரோவென்சா தொகுத்த தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி, அவர் மறைந்து 13 ஆண்டு கழித்து, 1679-இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த நூல் மூன்று நூற்றாண்டாகத் தமிழ்நாட்டார் கண்ணில் படாமலே கிடந்தது. அதைத் தமிழுலகத்துக்கு மீட்டுத் தந்தவர் தனிநாயகம் அடிகள். 1966-இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே படியெடுத்து அச்சிடச் செய்தார். அவர் தமிழை முறையாகக் கற்றது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். அதை 1929-இல் நிறுவியவர் செட்டிநாட்டின் கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார். அதே மதுரை மறைப்பணியில் வந்த லிஸ்பன்காரர் ஜான் தெ பிரிட்டோ, அருளானந்தர் என்ற பெயரோடு மறவர் சீமையில் பணிசெய்து 1693-இல் ஓரியூரில் உயிர் நீத்தார். போர்ச்சுகீசியம் கடற்கரையோடு நின்ற மொழி என்று நினைப்பவர்கள் இந்த உள்நாட்டுத் தொடர்பையும் சேர்த்து எண்ண வேண்டும்.

புரோவென்சா செய்தது தமிழிலிருந்து போர்ச்சுகீசியத்துக்கு. அந்தத் திசையில் நடந்தாலும் பள்ளம் உண்டு: ஒரே வடிவில் ஒளிந்திருக்கும் வேறு வேறு சொற்கள். முதலில் ஆங்கிலத்தையே பார்க்கலாம். ஆங்கிலத்தில் பவளத்திட்டுப் போன்ற தாழ்வான சிறு தீவையும் 'கீ' என்பார்கள். எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருந்தாலும் இது வேறு சொல். கரீபியக் கடல் மக்களின் மொழியிலிருந்து ஸ்பானிய 'காயோ' வழியாக வந்தது. போர்ச்சுகீசியத்தில் 'இல்யோத்தா' எனலாம், தமிழில் திட்டு. நல்ல அகராதி இதைச் சாவியோடு சேர்க்காமல் தனித் தலைப்பில் தரும்.

தமிழிலும் அப்படி இரண்டு சாவி உண்டு. கண்மாய்த் தண்ணீரையும் வானத்தையும் நம்பிய சிவகங்கைச் சீமையில், கதிர் வாங்கும் நேரத்தில் ஈரம் போதாமல் மணி பிடிக்காத நெல்லைப் பார்த்து, 'பயிர் சாவியாப் போச்சு' என்பார்கள். இது 'சா' என்ற வேரிலிருந்து வந்த தமிழ்ச் சொல். போர்ச்சுகலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கதிரைக் கையில் எடுத்து நசுக்கினால் உமி மட்டும் நசுங்கும், உள்ளே ஒன்றும் இராது. இதைப் பெயர்க்கும்போது 'ஷாவி' என்று எழுதிவிட்டால் வயலில் பூட்டுச் சாவி முளைத்துவிடும். பிரேசில் விவசாயி அந்த மணிக்கு வைத்திருக்கும் சொல் 'ஷோஷு': உள்ளே ஒன்றுமில்லாமல் சுருங்கிப்போனது.